மெய்நிகர் கணனியின் வன்தட்டை வலையமைப்பில் திறந்து கொடுத்தல்: வசதியும் ஆபத்தும்

கடந்த நோன்பு காலத்தில் ஒருநாள், தராவீஹ் முடிந்து வீடு திரும்பிய நேரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பக்கத்து ஊரில் வட்டியில்லாக் கடன் கொடுத்து வரும் ஒரு நலன்புரிச் சங்கத்தின் பொருளாளர் பேசினார்.

"தம்பி, கரண்ட் போய் வந்ததுக்குப் பிறகு கணக்கு மெஷின் திறக்குதில்ல. பார்க்க வந்த பொடியன் ஃபோமட் பண்ணத்தான் வேணும் எண்டு சொல்றான். பன்னிரண்டு வருசக் கணக்கு. பெக்கப் ஒண்டு இருக்கு, ஆனா அது நாலு மாசத்துக்கு முந்தினது."

அந்த நான்கு மாதங்களில்தான் விடயம் இருக்கிறது. அங்கே கடன் எடுப்பவர்கள் வாரத்துக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கட்டி அடைப்பவர்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இல்லை. கணக்கு அழிந்தால், கட்டியவர் கட்டாதவர் ஆகிவிடுவார். கட்டாதவர் கட்டினேன் என்பார். இரண்டுமே அநியாயம்.

அன்றிரவு எதையும் ஃபோமட் செய்யவில்லை. அந்தப் பெரிய வன்தட்டை முழுவதுமாகப் பிரதி எடுக்கவும் இல்லை. ஒரு வலையமைப்புக் கேபிள் வழியாக அதை என் மடிக்கணனிக்குத் திறந்து காட்டி, வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது எப்படிச் சாத்தியம், இதே வேலையை நான் முன்பு ஒரு தடவை எப்படிப் பிழையாகச் செய்தேன் என்பதையே இங்கு எழுதுகிறேன். பாடசாலை, மருந்தகம், சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம் என்று இன்று எங்கும் கணனிக் கணக்குகள் வந்துவிட்டதால், இது கணனித் துறையினருக்கு மட்டுமான விடயமல்ல.

வன்தட்டு என்பது ஒரு கோப்பு

மெய்நிகர் கணனி என்றால் ஒரு கணனிக்குள்ளே மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணனி. வி.எம்.வெயார், வேர்ச்சுவல் பொக்ஸ், லினக்ஸில் உள்ள கே.வி.எம் போன்றவை இதற்கானவை. கே.வி.எம்முடன் சேர்ந்து இயங்கும் கியூஎமு என்ற இலவச மென்பொருளை பிரான்ஸைச் சேர்ந்த ஃபெப்ரிஸ் பெலார்ட் 2003 இல் வெளியிட்டார்.

உள்ளே இருக்கும் கணனிக்குத் தன்னிடம் ஒரு உண்மையான வன்தட்டு இருப்பதாகவே தெரியும். வெளியே இருந்து பார்க்கும் நமக்கோ அது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கோப்பு. கியூஎமு அதைப் பொதுவாக கியூகவ்2 என்ற வடிவில் வைக்கும். வி.எம்.வெயார் வி.எம்.டி.கே என்ற வடிவில் வைக்கும்.

கோப்பு என்பதால் அதைச் சாதாரண மென்பொருளில் திறந்து பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். கியூகவ்2 கோப்புக்குள் தரவுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைகளும் உள்ளே இருக்கின்றன. அந்த அட்டவணையை வாசிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று, மற்ற மென்பொருட்களுக்கு அதை ஒரு சாதாரண வன்தட்டைப் போலக் காட்ட வேண்டும்.

அந்த நடுவர் வேலையைச் செய்வதுதான் கியூஎமுவுடன் வரும் கியூஎமு-என்பிடி என்ற சிறு மென்பொருள். என்.பி.டி என்பது வன்தட்டை வலையமைப்பு வழியே கொடுப்பதற்கான ஒரு நெறிமுறை. லினக்ஸுக்காக 1997 இல் பவெல் மஹெக் என்பவர் இதை எழுதினார். அதன் பேச்சு மிக எளிமையானது. "இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் தா", "இந்த இடத்தில் இதை எழுது", "எழுதியதை உறுதியாகச் சேமி" என்ற அளவில்தான் அதன் கட்டளைகள் இருக்கும். கேட்ட துண்டு மட்டுமே கேபிளில் பயணிக்கும். நூற்றுக்கணக்கான ஜிகாபைட் கொண்ட தட்டிலிருந்து 300 மெகாபைட் கணக்குக் கோப்பு தேவையென்றால், ஏறக்குறைய அந்த அளவுதான் நகரும்.

இதே நெறிமுறையைச் சுற்றி இன்று ஒரு குடும்பமே உருவாகியிருக்கிறது. றெட் ஹெட் நிறுவனத்தின் றிச்சர்ட் ஜோன்ஸ் தொடங்கிய என்பிடிகிட், கியூகவ்2 மட்டுமன்றி வேறு பல மூலங்களையும் வன்தட்டாகக் காட்டக்கூடியது. 2019 இல் வந்த லிப்என்பிடி நூலகத்தைக் கொண்டு, பைதன் போன்ற மொழிகளில் நாம் எழுதும் சிறு நிரல்கூட அந்தத் தட்டை நேரடியாக வாசிக்கலாம்.

கோப்பைப் பகிர்வது வேறு, தட்டைப் பகிர்வது வேறு

அலுவலகங்களில் நாம் வழமையாகச் செய்வது கோப்புப் பகிர்வு. ஒரு சேர்வரில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் பத்துப் பேர் அதைத் திறக்கலாம். அது கடையில் கணக்கப்பிள்ளையிடம் கேட்பது போன்றது. பேரேடு அவர் கையில் இருக்கும். எவர் கேட்டாலும் அவரே புரட்டிப் பார்த்துச் சொல்வார். எவர் எழுதச் சொன்னாலும் அவரே எழுதுவார். எழுதும் கை ஒன்றுதான்.

தட்டைப் பகிர்வது பேரேட்டையே தூக்கிக் கொடுப்பது. இங்கே நடுவில் கணக்கப்பிள்ளை இல்லை. வாங்கியவர் தாமே புரட்டுவார், தாமே எழுதுவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கினால், தான் மட்டும்தான் எழுதுகிறேன் என்ற நினைப்பிலேயே இருவரும் எழுதுவார்கள். அதுமட்டுமல்ல, இயங்கும் கணனி எல்லாவற்றையும் உடனே தட்டில் எழுதிவிடுவதில்லை. சிலவற்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு எழுதும். ஆகவே இயங்கும் கணனியின் தட்டை வெளியிலிருந்து பார்ப்பவர் காண்பது பாதி எழுதிய பக்கத்தைத்தான்.

நான் விட்ட பிழை

2014 இல் கட்டாரில் ஒரு விநியோக நிறுவனத்தில் வேலை செய்தேன். களஞ்சியக் கணக்கு ஒரு மெய்நிகர் கணனியில் இயங்கியது. ஒருநாள் அதற்குள் இருந்த ஒரு அறிக்கைக் கோப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. உள்ளே நுழையும் கடவுச்சொல் விடுமுறையில் போயிருந்தவரிடம் இருந்தது. நான் கியூஎமு-என்பிடி மூலம் அதன் தட்டை இன்னொரு கணனியில் இணைத்தேன். மெய்நிகர் கணனி இயங்கிக்கொண்டே இருந்தது. கோப்பு முறைமையை 'வாசிக்க மட்டும்' என்ற தெரிவோடு திறந்ததால் பயமில்லை என்று நினைத்தேன். கோப்பை எடுத்தேன், மூடினேன், வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் களஞ்சியத் தரவுத்தளம் பிழை காட்டத் தொடங்கியது. மறுபடி இயக்கியபோது கோப்பு முறைமையே சிதைந்திருந்தது. மூன்று நாட்களின் பதிவுகளை பில் கட்டுகளிலிருந்து திரும்பவும் ஏற்ற வேண்டியதாயிற்று. நான் செய்த பிழைக்காக மற்ற ஊழியர்களும் இரவு விழித்தார்கள்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் விளங்கியது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும். ஒழுங்காக மூடப்படாத தட்டைத் திறக்கும்போது, அந்தக் குறிப்பேட்டில் எஞ்சியிருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் திறக்கும். 'வாசிக்க மட்டும்' என்று சொல்லித் திறந்தாலும், அடியில் இருக்கும் தட்டு எழுத இடம் கொடுத்தால் அது எழுதவே செய்யும். நான் கோப்பு முறைமைக்குத்தான் எழுதாதே என்றேன். தட்டைக் கொடுத்த மென்பொருளுக்கு அதைச் சொல்லவில்லை. இயங்கிக்கொண்டிருந்த கணனியின் காலடியில் அதன் தட்டை நான் மாற்றிவிட்டேன்.

இன்று இந்தப் பிழையைச் செய்வது சற்றுக் கடினம். 2017 இல் வந்த கியூஎமு 2.10 பதிப்பிலிருந்து, ஒரு மெய்நிகர் கணனி பயன்படுத்தும் கோப்பின்மீது பூட்டு விழுகிறது. இரண்டாமவர் திறக்க வந்தால் பூட்டைப் பெற முடியவில்லை என்று மறுத்துவிடும். ஆனால் அந்தப் பூட்டை வேண்டுமென்றே தாண்டும் வழிகளும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவசரத்தில் இருப்பவர் கையில் அந்த வழி ஆபத்தானது.

அன்றிரவு செய்தது

சங்கத்தின் கணனிக்கு வருவோம். மின்தடையால் கெட்டது உள்ளே இருந்த மெய்நிகர் கணனி மட்டுமே. அதைச் சுமக்கும் சேர்வர் நன்றாக இருந்தது. முதல் வேலையாக, அந்த மெய்நிகர் கணனி எங்கும் இயங்கவில்லை என்பதை உறுதிசெய்தேன்.

அடுத்து கியூஎமு-என்பிடியை 'ஸ்னெப்ஷொட்' என்ற தெரிவோடு இயக்கினேன். இத்தெரிவில் மூலக் கோப்பு தொடப்படாது. யாராவது எழுத முயன்றால், அந்த எழுத்து ஒரு தற்காலிகக் கோப்புக்குப் போகும். வேலை முடிந்ததும் அது மறைந்துவிடும். பேரேட்டின்மேல் ஒரு கண்ணாடித்தாளை வைத்து, அதில் எழுதிப் பார்ப்பது போல. எனவே எக்ஸ்ட்4 தன் குறிப்பேட்டை ஆசைதீர எழுதி முடிக்கட்டும். மூலம் அப்படியே இருக்கும்.

என் மடிக்கணனியில் தட்டு தோன்றியது. தரவுத்தளத்தின் ஃபோல்டரைப் பிரதி எடுத்து, அதே பதிப்பு மைஎஸ்கியூஎல்லை என் கணனியில் நிறுவி இயக்கினேன். அது தானாகவே தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. பொருளாளர் கடைசி ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். கடைசி ரசீது வரை சரியாக இருந்தது. ஸஹருக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இயங்கும் கணனியாக இருந்தால்?

நிறுத்த முடியாத சேர்வராக இருந்தால் என்ன செய்வது? தட்டை வெளியிலிருந்து பிடிக்காமல், இயங்கும் கியூஎமுவிடமே கேட்க வேண்டும். அதற்குள்ளேயே ஒரு என்.பி.டி சேர்வர் இருக்கிறது. பேரேட்டை வைத்திருக்கும் அதே கை நமக்குப் பக்கத்தைக் காட்டுவதால் மோதல் இல்லை.

பெக்கப் எடுக்கும்போது அது செய்யும் வேலை அழகானது. பெக்கப் தொடங்கிய கணத்தில் தட்டு எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்தையே வெளியே காட்டும். இடையில் உள்ளிருக்கும் கணனி ஏதாவது ஒரு துண்டை மாற்ற வந்தால், பழைய துண்டை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற்ற விடும். கடந்த தடவைக்குப் பிறகு மாறிய துண்டுகள் எவை என்றும் குறித்து வைத்திருக்கும். ஆகவே அடுத்த பெக்கப்புக்கு அவற்றை மட்டும் எடுத்தால் போதும். 2020 இல் வந்த லிப்வேர்ட் 6.0 பதிப்பிலிருந்து இந்த வசதியைப் பெக்கப் மென்பொருட்கள் நேரடியாகப் பயன்படுத்தலாம். உள்ளே கியூஎமுவின் முகவர் மென்பொருளையும் நிறுவிவிட்டால், அந்தக் கணத்தில் கோப்பு முறைமை தன் நினைவகத்தில் இருப்பதையெல்லாம் எழுதி முடித்துச் சற்று உறைந்து நிற்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட் கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலுக்கு உள்ளானது. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு பெக்கப் இல்லாததால், அரச அலுவலகங்களின் அக்கால மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அரசாங்கத்துக்கே அந்நிலை என்றால், ஒரு மூலையில் ஒற்றை சேர்வரை வைத்திருக்கும் சங்கத்தின் நிலை என்ன?

கதவைப் பூட்டாமல் போகாதீர்கள்

என்.பி.டிக்கென ஒதுக்கப்பட்ட போர்ட் இலக்கம் 10809. எதுவும் சொல்லாமல் கியூஎமு-என்பிடியை இயக்கினால், கணனியின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் அது காது கொடுத்து நிற்கும். கடவுச்சொல் கேட்காது. தரவு மறையாக்கம் இல்லாமலேயே போகும். அலுவலக வைஃபையில் இருக்கும் எவரும் இணைந்துகொள்ளலாம்.

இணைந்தவருக்குக் கிடைப்பது முழுத் தட்டு. உள்ளே இருக்கும் பயனர் அனுமதிகள் எதுவும் அங்கே செல்லாது. யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், எந்தக் குடும்பம் உதவி பெறுகிறது என்பதிலிருந்து, அழித்துவிட்டதாக நினைத்த கோப்புகளின் மிச்சம் வரை தெரியும். அது மக்கள் நம்மை நம்பித் தந்த அமானிதம்.

எனவே ஒரே கணனிக்குள் உள்ள வேலை என்றால் வலையமைப்பையே திறக்காமல் யுனிக்ஸ் சொக்கெட் மூலம் கொடுங்கள். வேறு கணனிக்கு என்றால் உள்முகவரியில் மட்டும் திறந்து எஸ்.எஸ்.எச் சுரங்கம் வழியாக அனுப்புங்கள். அல்லது சான்றிதழ்களுடன் டி.எல்.எஸ்ஸைப் பயன்படுத்துங்கள். நான் அன்று செய்ததுபோல இரு கணனிகளையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைப்பதும் சிறிய இடங்களுக்குப் போதுமானது. முதலாவது இணைப்பு முடிந்ததும் கியூஎமு-என்பிடி தானாக மூடிக்கொள்வது அதன் இயல்பு. அதை மாற்றி, நிரந்தரமாகத் திறந்து வைக்காதீர்கள்.

நிறுவனங்களை நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கணனி பார்க்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தட்டை இப்போது வேறு யாரும் எழுதுகிறார்களா? நீங்கள் திறப்பது மூலத்தையா, மேலே வைத்த தாளையா? வேலை முடிந்ததும் அந்தக் கதவு மூடப்படுமா? இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் உங்கள் கணக்குகளை ஒப்படைக்கலாம்.

பொருளாளர் இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் பெக்கப் எடுத்து, அதை வேறு ஒரு வீட்டில் வைக்கிறார். எடுத்ததும் எனக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புவார். "தம்பி, எடுத்தாச்சு." கடந்த வாரம் அது வரவில்லை. நானே அழைத்துக் கேட்டேன்.