சுட்டவர் பேசினார், சுடச் சொன்னவர் சிறை சென்றார்

2010 ஒக்டோபர் 28. கொச்சியிலுள்ள சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றத்தில் தண்டனையைக் கேட்க நின்றவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. பெயர் கே. லட்சுமணா. கேரளப் பொலிஸில் ஐ.ஜி. பதவி வரை உயர்ந்து, ஓய்வு பெற்று, பல ஆண்டுகளாக வீட்டில் இருந்தவர். பிடிபட்டுத் தன் பொறுப்பில் உயிரோடிருந்த ஒரு மனிதனைச் சுட்டுக் கொல்ல 1970இல் உத்தரவிட்டதற்காக அவருக்கு ஆயுள் தண்டனையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. துப்பாக்கியின் விசையை அழுத்தியவர் அவரல்ல. அழுத்தியவர் அந்தத் தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்த வழக்கை இலங்கை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆயுதங்களை மறைத்து வைத்த இடத்தைக் காட்டுவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட சந்தேகநபர் பொலிஸாரைத் தாக்க முயன்றபோது சூடுபட்டு உயிரிழந்தார் என்ற செய்தியை நாம் எத்தனையோ முறை வாசித்துவிட்டோம். 2020 ஒக்டோபரில் மாக்கந்துரே மதுஷ் மாளிகாவத்தையில் இறந்தபோதும், 2021 மே மாதத்தில் ஊரு ஜுவா, கொஸ்கொட தாரக இருவரும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோதும் செய்தியின் வடிவம் மாறவேயில்லை. அவர்கள் மீது பாரதூரமான குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆனாலும் மூவரும் பொலிஸ் காவலில் இருந்தவர்கள். அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் பொலிஸார் மட்டுமே. அப்படிப்பட்ட மரணத்தில் உண்மை எப்படி வெளியே வரும் என்ற கேள்விக்கு லட்சுமணா வழக்கு ஒரு விடை தருகிறது. அந்த விடை ஆறுதலானதல்ல.

கொல்லப்பட்டவர் வர்கீஸ். வயநாட்டைச் சேர்ந்த நக்சலைட் தலைவர். மார்க்சிஸ்ட் கட்சியின் கண்ணூர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், பின்னர் வயநாட்டு ஆதிவாசிகளிடையே போய்த் தங்கினார். அங்கே வள்ளியூர்க்காவு கோவில் திருவிழாவின்போது நிலவுடைமையாளர்கள் ஆதிவாசிக் குடும்பங்களை ஓராண்டுக் கூலிக்குப் பேசி அழைத்துப்போகும் வழக்கம் இருந்தது. கொத்தடிமை முறைதான் அது. வர்கீஸ் அதை எதிர்த்தார், ஆயுதப் பாதைக்கும் போனார். 1970 பெப்ரவரியில் திருநெல்லிப் பகுதியில் நிலவுடைமையாளர்கள் கொல்லப்பட்ட பிறகு அவரைத் தேடிப் பெரும் பொலிஸ் படை காட்டுக்குள் இறங்கியது. பெப்ரவரி 18ஆம் திகதி, மோதலில் அவர் கொல்லப்பட்டதாக அறிவிப்பு வந்தது. உடலுக்கு அருகே ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடந்தது. பத்திரிகைகள் அதை அப்படியே வெளியிட்டன.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் கான்ஸ்டபிள் பேசினார். மத்திய ரிசர்வ் பொலிஸ் படையில் இருந்தவர். வர்கீஸைச் சுட்டது தான்தான் என்றார்.

அவர் சொன்னது இது. வர்கீஸ் உயிரோடுதான் பிடிபட்டார். கைகளைப் பின்னால் கட்டி, கண்களையும் கட்டி ஒரு பாறைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது பிரதி பொலிஸ் அத்தியட்சகராக இருந்த லட்சுமணா அங்கிருந்த நான்கு கான்ஸ்டபிள்களிடம் யார் சுடத் தயார் என்று கேட்டார். மூவர் கையை உயர்த்தினார்கள். நாயர் உயர்த்தவில்லை. சுடாவிட்டால் மோதலில் இறந்த பொலிஸ்காரன் என்று உன் பெயரும் வரும் என்ற அர்த்தத்தில் மிரட்டப்பட்டார். சுடுவதற்கு முன் தனக்குத் தெரியப்படுத்தும்படியும், முழக்கமிட்டபடி சாக வேண்டும் என்றும் வர்கீஸ் அவரிடம் கேட்டிருந்தார். நாயர் நாக்கால் மெல்ல ஒரு சத்தம் எழுப்பினார். வர்கீஸ் முழக்கமிட்டார். குண்டு பாய்ந்தது. நாட்டுத் துப்பாக்கி அதற்குப் பிறகு வைக்கப்பட்டது.

அன்று பாறையில் நின்றவர்களில் கீழ்நிலையில் இருந்த நால்வரில் ஒருவர் நாயர். கை உயர்த்த மறுத்தவனையே சுட வைத்தார்கள் என்பதில் ஒரு கணக்கு இருந்ததாகவே எனக்குப் படுகிறது. விருப்பத்தோடு செய்தவன் வாயைத் திறக்கமாட்டான். மறுத்தவன் கையிலும் இரத்தம் பட்டுவிட்டால் அவனும் திறக்கமாட்டான். அந்தக் கணக்கு ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் பலித்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பே நாயர் இதையெல்லாம் எழுதி நக்சலைட் தலைவர் வாசுவிடம் கொடுத்து வைத்திருந்தார். வெளியே வந்தபோது கேரளம் அதிர்ந்தது. 1999இல் மேல் நீதிமன்றம் விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. முதலாவது எதிரி நாயர், இரண்டாவது லட்சுமணா, மூன்றாவது பொலிஸ் அதிகாரி விஜயன், பின்னாளில் கேரளத்தின் டி.ஜி.பி. ஆனவர். தன்னைத் தானே முதல் எதிரியாக்கிக்கொண்டுதான் நாயரால் உண்மையைச் சொல்ல முடிந்தது. 2006இல் அவர் இறந்தார். அவருடைய குரல் இல்லாத நீதிமன்றத்தில், வர்கீஸ் உயிரோடு பிடிபட்டதைக் கண்ட வேறு சாட்சிகளின் துணையோடு அரசுத் தரப்பு வழக்கை நிறுவியது. லட்சுமணா குற்றவாளி என்று தீர்ப்பானது. விஜயன் சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுவிக்கப்பட்டார். 2021இல் கேரள அரசு வர்கீஸின் உடன்பிறப்புகளுக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க முடிவெடுத்தது.

என்னை உலுக்குவது இடையிலிருந்த ஆண்டுகள். 1970இல் பிரதி பொலிஸ் அத்தியட்சகர். 1976இல் இந்திய அவசரநிலைக் காலத்தில் அதே லட்சுமணா கோழிக்கோடு மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகர். அந்த ஆண்டு மார்ச் 1ஆம் திகதி கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன் பிடித்துச் செல்லப்பட்டு, கக்கயம் முகாமில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவில் எதிர்மனுதாரர்களில் ஒருவராக லட்சுமணாவின் பெயரும் இருந்தது. 1977 ஏப்ரலில் அந்த மனுவின் தீர்ப்பால் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. முதலமைச்சரின் நாற்காலி போயிற்று. பொலிஸ் அத்தியட்சகர் ஐ.ஜி. ஆகி ஓய்வுபெற்றார். வர்கீஸ் மரணத்தை 1970இலேயே ஒழுங்காக விசாரித்திருந்தால் 1976இல் அவர் அந்த நாற்காலியில் இருந்திருக்கவே மாட்டார். காவலில் நடக்கும் கொலையைக் கண்டுகொள்ளாமல் விடுவதன் விலையை அடுத்த கைதி கொடுக்கிறான்.

மாத்தளை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கதை அந்நியமல்ல. சீகிரியாக் குன்றில் ஏறுகிறவர்களுக்கு வழிகாட்டிகள் காசியப்பனின் கதையைச் சொல்வார்கள். 5ஆம் நூற்றாண்டில் தந்தை தாதுசேனனைச் சிறைப்பிடித்து ஆட்சியைக் கைப்பற்றியவன் அவன். சூளவம்சம் விவரிப்பதைக் கவனித்துப் பாருங்கள். மறைத்து வைத்த செல்வத்தைக் காட்டச் சொல்லிக் கைதியான அரசனைக் கலாவெவக் குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் குளத்து நீரைக் காட்டி இதுதான் என் செல்வம் என்கிறான். பிறகு சேனாதிபதி மிகாரன் அவனைச் சங்கிலியால் கட்டிச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறான். காட்டச் சொல்லி அழைத்துப்போய் கொல்வது இந்த மண்ணில் 1,500 ஆண்டுப் பழக்கம். தந்தையைக் கொன்ற பழி காசியப்பன் தலையில் நின்றது. மிகாரனோ சேனாதிபதியாகவே தொடர்ந்து, தன் பெயரில் ஒரு பிரிவெனாவும் கட்டினான்.

இதே மாவட்டத்தில், 2012 நவம்பரில், மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். 1980களின் இறுதியில் காணாமல் போனவர்களுடையவை என்று குடும்பங்கள் நம்பின. எந்தக் காலத்தவை என்பதிலேயே அறிக்கைகள் முரண்பட்டன. யாருக்கும் தண்டனை இல்லை. உள்ளே இருந்த எவரும் பேசவில்லை.

இலங்கையில் பொலிஸார் தண்டிக்கப்பட்டதே இல்லை என்று சொல்வது தவறு. 2009 ஓகஸ்டில் அங்குலானை பொலிஸார் பிடித்துச் சென்ற இரண்டு இளைஞர்கள் மறுநாள் பிணமாகக் கிடந்தார்கள். ஊர் முழுதும் பொலிஸ் நிலையத்தின் முன் திரண்டது. 2011 ஓகஸ்டில் கொழும்பு மேல் நீதிமன்றம் பொறுப்பதிகாரி உட்பட நால்வருக்கு மரண தண்டனை விதித்தது. (1976க்குப் பின் இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படுவதில்லை.) வடக்கில், 2011இல் சுன்னாகம் பொலிஸார் பிடித்த புன்னாலைக்கட்டுவன் இளைஞர் ஒருவரின் உடல் இரணைமடுக் குளத்தில் கிடைத்தது. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் அவரைச் சித்திரவதை செய்ததற்காக ஆறு பொலிஸாருக்குப் பத்தாண்டுக் கடூழியச் சிறை விதித்தார்.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், நாம் பொதுவாகச் சித்திரவதைத் தடைச் சட்டம் என்று சொல்வது. ஆகக் குறைந்தது ஏழு ஆண்டு, ஆகக் கூடியது பத்து ஆண்டு. உடந்தையாக இருந்தவரும் குற்றவாளிதான். இந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பொலிஸ் பயிற்சிக் கல்லூரிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பேன். மேலதிகாரியின் கட்டளைப்படி செய்தேன் என்பது எதிர்வாதமாகாது என்கிறது அது. யுத்தமும் அவசரகாலமும்கூட எதிர்வாதமாகா. நாயரைப் போன்ற ஒரு கான்ஸ்டபிளுக்கு இதன் பொருள், கட்டளைக்குப் பணிந்தால் சிறை என்பது. பணியாவிட்டால் அவனை யார் காப்பாற்றுவது என்பதற்குச் சட்டத்தில் இதே அளவு தெளிவான வரி இல்லை.

சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாக இன்னொன்று. அந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஜெரார்ட் பெரேரா என்ற பெயர் போதும். 2002இல் வத்தளை பொலிஸார் ஆள்மாறிப் பிடித்துச் சித்திரவதை செய்ததில் சிறுநீரகம் செயலிழந்து, உயிர் பிழைத்தவர். 2003இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கியது. பொலிஸாருக்கு எதிரான குற்றவியல் வழக்கில் சாட்சியம் சொல்லச் சில நாட்களே இருந்த நிலையில், 2004 நவம்பரில் பஸ்ஸில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார்.

பதவி உயர்வு விடயத்தில் நாம் கேரளத்தைக் குறைசொல்லும் நிலையில் இல்லை. 2023 டிசம்பரில், மிரிஹானையில் நடந்த ஒரு சித்திரவதைக்கு அதிகாரி தேசபந்து தென்னகோன் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது காவல் மரணமல்ல, பாதிக்கப்பட்டவர் உயிரோடிருந்து வழக்கை வென்றார். ஆனால் தீர்ப்பு வந்து மூன்று மாதங்களுக்குள் அதே அதிகாரி பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. நீதிமன்றத்தின் கண்டனத்தைப் பதவி உயர்வுக்குத் தடையாகக் கருதாத நிர்வாகம் இருக்கும்வரை, மறுக்கத் துணியும் கான்ஸ்டபிளுக்கு நாம் என்ன உறுதி தர முடியும்?

காவலில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்குச் சட்டப்படி உள்ள வழிகளையும் சொல்ல வேண்டும். பொலிஸ் காவலில் நேரும் மரணத்தைப் பொறுப்பாளர் உடனே நீதவானுக்கு அறிவித்தாக வேண்டும். நீதவான் உடலைப் பார்த்து விசாரணை நடத்த வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 371ஆம் பிரிவு. நீதவான் வரும் முன் உடலை ஏற்கும்படியோ, எதிலாவது கையெழுத்திடும்படியோ யார் சொன்னாலும் அவசரப்படக் கூடாது. சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை அறிக்கையே பின்னர் எல்லா வழக்குக்கும் அத்திவாரம்.

அடிப்படை உரிமை மனுவுக்கான காலம் ஒரு மாதம் மட்டுமே. துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு அது எட்டாம் நாளும் முப்பத்தொன்றாம் நாளும் கழிவதற்குள் முடிந்துவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. இறந்தவரின் மனைவி வழக்குப் போட முடியுமா என்ற சந்தேகத்தையும் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பயாகலைப் பொலிஸாருக்கு எதிராகச் சிறியாணி சில்வா கொண்டுவந்த வழக்கில், 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு அரசியலமைப்பின் 13(4) உறுப்புரையிலிருந்து உயிர்வாழும் உரிமையையே கண்டெடுத்தது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் நேரடியாக எழுதப்படாத அந்த உரிமை, கணவனைக் காவலில் இழந்த ஒரு பெண்ணின் மனுவால் இந்த நாட்டுச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.