அடித்த கமெண்ட், போட்ட கமெண்ட்

1985-ல் ஜீயபுரம் பஸ் நிறுத்தத்தில் 'கமெண்ட்' என்றால் அடிப்பதுதான். "அவன் கமெண்ட் அடிச்சான்டி" என்போம். ஆங்கிலத்தில் அது வெறும் கருத்து; நல்லதாகவும் இருக்கலாம். பாராட்டியவனை நாங்கள் யாரும் கமெண்ட் அடித்ததாகச் சொன்னதில்லை.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் போகும் காலை பஸ்ஸுக்கு நிற்போம். எதிரே வாய்க்கால் மதகில் நாலு பையன்கள். "டேய், ஒட்டடைக்குச்சி வருதுடா!" அது நான்தான். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, என் செருப்பின் தைத்த வாரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போ" என்றாள் அம்மா. அந்தப் பையன்களை யாரும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வைணவ ஆசாரியர் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்தார். ஒரு சொல்லுக்குள் அத்தனை அன்போடு இறங்கும் அந்த 'ஈடு' வியாக்கியானம் ஆங்கிலத்தில் கமெண்ட்ரி. அதன் உடன்பிறந்த சொல்தான் எங்கள் மதகில் வந்து உட்கார்ந்தது. வியாக்கியானத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை. "பெரிய வியாக்கியானம் பண்ணாதே" என்று அதட்டுகிறோம். 'விமர்சனம்' என்றாலே குறை என்றாகிவிட்டது. எனக்கு இதில் தீராத வருத்தம்.

1998-ல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் சீண்டலுக்குப் பலியான பிறகுதான் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. 2002-ல் அதன் பெயர் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று மாறியது. வெறும் பெயர்தானே என்று என்னால் விட முடியாது. சீண்டல் என்றால் விளையாட்டு என்று சொல்லித் தப்பிவிடலாம்.

இன்று மதகு காலி. கமெண்டை இப்போது அடிப்பதில்லை, போடுகிறார்கள். போடச் சொல்லிக் கேட்கவும் செய்கிறார்கள்.

பங்குனித் திருநாளில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரம் மண்டபத்துக்கு எழுந்தருளி, ஐதீகத்தில் வரும் பாட்டியின் பழைய சோறும் மாவடுவும் ஏற்கும் நாள். அண்ணன் மகள் அங்கே எடுத்த தன் படத்தைப் போட்டிருந்தாள். சாயங்காலம் கைபேசியை நீட்டினாள். "அத்தை, இதைப் பாரேன்." வரிசையாகச் 'சூப்பர்', 'அழகு'. நடுவில் ஒன்று: "மூஞ்சியும் மாவடுதான்."

"யாருடி இவன்?"

"தெரியலை அத்தை. பேரே இல்லை, ஒரு பூப்படம்தான் இருக்கு."

அந்த நாலு பேரின் முகமும் எனக்கு இன்னும் தெரியும். கமெண்டை மட்டும் அழி, படம் இருக்கட்டும் என்றேன். அவள் விரல் படத்தின் மேலேயே நின்றது.