உரோமச் சொல்வன்மைக் கல்வியில் அளிக்கை: ஒரு சமூகவியல் நோக்கு

உரோமரின் சொல்வன்மைக் கல்வி ஐந்து கூறுகளைக் கொண்டது. கருத்தைத் தேடல், ஒழுங்குபடுத்தல், மொழியாற் புனைதல், நினைவிற் கொள்ளல் என்பவற்றின் பின் இறுதியாக வைக்கப்பட்டது அளிக்கை. குரல், முகம், கை, உடை யாவும் இதனுள் அடங்கும். இதனை வெறும் உத்தி நுணுக்கமாகக் காண்பது போதாது. எவருடைய உடல், எவரால், எதற்காகப் பயிற்றப்பட்டது என்பதே வினா.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் குயின்ரிலியன் எழுதிய பெருநூல் 12 பகுதிகளை உடையது. அதன் முதற்பகுதி, உச்சரிப்புத் திருந்தச் சிறுவனை மகிழ்நெறி நடிகரிடமும், அங்க அசைவு செம்மையுறப் பயிற்சிக்களத்தாரிடமும் சிறிது காலம் அனுப்பச் சொல்கிறது. விதிகள் விரிவாக வருவது 11ஆம் பகுதியிலாகும். கை கண்மட்டத்துக்கு மேல் உயரலாகாது; மார்புக்குக் கீழ் தாழலாகாது. இடக்கை தனித்து இயங்குதல் பொருந்தாது. உரை முதிர்ந்த நிலையில் தோகாவின் மடிப்புக் குலைவதும் வியர்வை பெருகுவதும் தகும். கவனமின்மைக்கும் இலக்கணம் வகுத்தனர்!

முரண்பாடு இங்கேதான் உள்ளது. உரோமச் சட்டத்தில் நடிகன் மானமிழந்தவன்; நடிகருட் பலர் அடிமைகள் அல்லது விடுதலை பெற்றோர். கனவானின் மகன் அவனிடம் கற்கலாம். அவனைப் போலத் தோன்றுதல் ஆகாது. தாம் வேண்டுவது நடிகனையன்று, பேச்சாளனையே எனக் குயின்ரிலியன் எச்சரிக்கிறார். நாடகங்களிற் படைவீரரும் இல்லத்தலைவியரும் நிதானமாக நடப்பர், அடிமைகளும் பணிப்பெண்களும் மீனவரும் விரைந்து இயங்குவர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். நிதானம் ஏவுவோரின் அடையாளம். விரைவு ஏவப்படுவோரின் அடையாளம். ‘இயல்பான கண்ணியம்’ எனப்பட்டது இவ்வாறு பயின்று பெற்ற வர்க்கத் தோற்றமேயாகும்.

இக்கல்வி எவர்க்குரியது என்பதிலும் போராட்டம் இருந்தது. கி.மு. 92இல் தணிக்கை அதிகாரிகளான கிராசுசும் தொமிற்றியசும் இலத்தீனிற் சொல்வன்மை கற்பித்த பள்ளிகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தனர். கிரேக்க வழிக் கல்விக்கு அவ்வாணை தடையாகவில்லை; அதற்கோ பொருளும் ஓய்வும் வேண்டும். இதனை மக்கள் தரப்புக்கு எதிரான நேரடிச் சூழ்ச்சி எனல் மிகையாகலாம். சிசரோவின் உரையாடல் நூலில் வரும் கிராசுசு, அப்பள்ளிகள் துடுக்குத்தனத்தையே கற்பித்தன என்கிறார். ஆயினும் துடுக்கு என்பதும் மேலிருந்து நோக்குவோரின் சொல்லே.

நிலச்சீர்திருத்தத்துக்காக வாதாடிய கையசு கிராக்குசு, குரலின் ஏற்றத்தாழ்வைச் சீராக்கக் குழலூதுவோன் ஒருவனைப் பின்னே நிறுத்திப் பேசினார் என்பர். கி.மு. 121இல் அவர் மாண்டார். வெசுப்பாசியன் சொல்வன்மை ஆசிரியர்க்கு ஆண்டுக்கு 1,00,000 செசுற்றெர்சு அரச ஊதியம் வகுத்த காலத்தில், கிராக்குசு பேசிய மக்கள் அவை அதிகாரம் இழந்திருந்தது. பயிற்றப்பட்ட குரல் வழக்குமன்றத்திலும், கற்பனை வழக்குகளை வாதிடும் வகுப்பறையிலுமே பெரிதும் ஒலித்தது.