வாங்குவோரைக் கேட்டறிதல்

வாணிகம் தொடங்க எண்ணுபவர் முதலில் வாங்குவோரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும். இதற்குச் சந்தை ஆய்வு என்று பெயர். ‘இது பிடிக்கிறதா?’ என்று கேட்பது எளிது. ‘இப்போது எதை வாங்குகிறீர்கள்? அதைக் கைவிடுவீர்களா?’ என்றும் கேட்க வேண்டும் என்பேன்.

அமெரிக்காவில் கொக்கோ கோலா நிறுவனத்தார் தம் பானத்தின் சுவையை மாற்றக் கருதி, ஏறத்தாழ 2,00,000 பேருக்குப் பருகக் கொடுத்துப் பார்த்தனர். பெரும்பாலோர் புதிய சுவையையே விரும்பினர். ஒரு மிடறு வேறு, வீட்டுக்கு வாங்கிச் செல்லும் புட்டி வேறு அல்லவா? பழையது இனிக் கிடைக்காது என்பதோ, பருகியோருக்குச் சொல்லப்படவே இல்லை. எண்கள் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் விடை தந்தன. 1985 ஏப்ரல் 23-இல் புதியது வெளிவந்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 79 நாட்களில், பழைய பானமே மீண்டும் வரும் என்று அந்நிறுவனத்தார் அறிவிக்க நேர்ந்தது.