விக்கிப்பீடியாவின் பழைய பராமரிப்புக் கோரிக்கைகள்: எவற்றை நீக்கலாம்?

விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கப்பெற்றது. கட்டுரைகளோடு, அவற்றைச் செப்பனிடுமாறு பயனர்கள் விடுக்கும் கோரிக்கைகளும் அதில் குவிந்துள்ளன. சான்று தருக, இரு கட்டுரைகளை இணைக்க, தலைப்பை மாற்றுக என்பன அத்தகையன. இவற்றுள் எவற்றை நீக்குவது என்னும் வினாவுக்குப் பழமையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

விக்கிப்பீடியாவில் நீக்கப்பட்ட பக்கம் அழிந்துவிடுவதில்லை. நிர்வாகிகள் அதனைக் காணவும் மீட்கவும் இயலும். ஆகவே நீக்கத்தால் சேமிப்பிடம் மிச்சமாவதில்லை. பொதுப் பயனரும் ஆய்வாளரும் அதனைப் பார்க்கும் வாய்ப்பே பறிபோகிறது. இடநெருக்கடியால் கோப்புகளைக் கழிக்கும் அலுவலக வழக்கம் இங்குச் செல்லாது. எனினும் அங்கிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் வழங்கும் டாட்டன்ஹாம் முறையில், ஒரு கோப்பு ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என எக்காலம்வரை காக்கப்பட வேண்டும் என்பது, பொருளின் தன்மை நோக்கி, அது முடிக்கப்படும்போதே குறிக்கப்படுகிறது.

‘இக்கட்டுரை தற்போது தொகுக்கப்படுகிறது’ என்னும் அறிவிப்பு, எழுதுபவர் வேலையை விட்டகன்ற சில மணி நேரத்திலேயே பயனற்றதாகிவிடும். ‘மேற்கோள் தேவை’ என்னும் குறிப்போ இதற்கு நேர்மாறானது. அது பத்தாண்டுகளாக நிற்கிறது எனில், பத்தாண்டுகளாக ஒரு கூற்று சான்றின்றி வாசிக்கப்படுகிறது என்பது பொருள். சான்றைச் சேர்க்காமலும் கூற்றை நீக்காமலும் குறிப்பை மட்டும் அகற்றினால், ஐயம் தீராமலே மறைக்கப்படும்.

சிக்கல் மிகுந்தது இணைப்புக் கோரிக்கை. இரு கட்டுரைகள் ஒன்றாக்கப்பட்டபின், எஞ்சிய பக்கத்தை நீக்குக என்பது நியாயமாகவே தோன்றும். ஆயின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப்படி, எழுதியோரைச் சுட்டுதல் கட்டாயம். அவர்தம் பெயர்கள் அப்பழைய பக்கத்தின் வரலாற்றிலேயே உள்ளன. அது நீக்கப்படின், இடம்பெயர்ந்த பத்திகளை எழுதியவர் யார் என்பது தெரியாமற்போகும். எனவே அப்பக்கம் வழிமாற்றாக நிலைபெறுதல் வேண்டும். சோதனைக்காக இடப்பட்டவற்றையும் ஒரே கோரிக்கையின் இரட்டைப் படிகளையும், வேறு பக்கம் எதுவும் அவற்றைச் சுட்டவில்லை என உறுதிசெய்துகொண்டு நீக்கலாம்.

மறுக்கப்பட்ட கோரிக்கைகளைக் காக்க முன்வருவோர் அரியர். எனினும் என் நோக்கில் அவையே முதன்மையானவை. தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்துகளைத் தலைப்புகளில் ஆள்வது குறித்து நெடுங்காலம் விவாதம் நிகழ்ந்துள்ளது. ஒரு தலைப்பு ஏன் மாற்றப்படவில்லை என்னும் விளக்கம் பேச்சுப் பக்கத்தில் மட்டுமே இருக்கக்கூடும். அதனை ‘முடிந்த வேலை’ எனக் கழித்தால், அடுத்து வரும் பயனர் அதே கோரிக்கையை மீண்டும் எழுப்புவார். இணையத் தமிழின் எழுத்து வழக்கை ஆராய்பவரோ ஒரு முதன்மைச் சான்றை இழப்பார்.