கோடையில் டிரவுட் மீன்

கோடை வந்தால் உதகையில் மலர்க்காட்சி. அவலாஞ்சி ஓடையில் வாழும் டிரவுட் மீனுக்கோ அது சோதனைக் காலம்.

டிரவுட் நம் மண்ணின் மீனன்று. 1860களில் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றும் பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் முயற்சியால் வானவில் டிரவுட் இங்கே நிலைபெற்றது.

இம்மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். காரணம் பிராணவாயு. கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 25 டிகிரியில் 8 மில்லிகிராம்தான். மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவாதலால் அந்த அளவும் கிடைக்காது. நீர் சூடேறச் சூடேற மீனின் தேவையோ கூடுகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் ஓடை மெலிந்து தெளிகிறது. கரையில் நிழலாடினாலே மீன் மிரளும். ஆகவே, இறகும் நூலும் கொண்டு செய்த பொய் ஈயைத் தூண்டிலில் வீசுவோர் அதிகாலையையும் அந்தியையும் நாடுவர். நண்பகலில் மீன் ஆழமான மடுவிலும், நீர் நுரைத்து விழும் இடத்திலும் ஒதுங்கும். அவ்வேளையில் பிடித்ததை மீண்டும் நீரில் விட்டாலும் களைப்பால் இறக்கக்கூடும்.

கோடையிலும் ஓடையை வற்றாமல் காப்பவை சோலைக்காடும் புல்வெளியுமே. அவை மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடுகின்றன. மரநிழல் நீரின் குளிர்ச்சியைக் காக்கிறது. அயல்நாட்டு மீன் இங்கு நூறாண்டு வாழ்ந்தது இவற்றின் தயவால். சோலை அழிந்தால் முதலில் வாடுவது டிரவுட். அடுத்து வாடுவது சமவெளியின் வயல்களன்றோ!