1.9-க்கு அப்புறம் 2.0 வராது! வெர்ஷன் ஏற்றும் டூல் முதலில் என்ன காட்டணும்?

ஒரு சாஃப்ட்வேர் 1.9.0-இல் இருக்கிறது. புது வசதி ஒன்று சேர்த்தாச்சு. அடுத்த எண் என்ன? 2.0.0 என்று சொல்லும் புதியவர்கள் நிறைய. சரியான விடை 1.10.0. வெர்ஷன் எண் தசம எண் இல்லை. புள்ளி வெறும் பிரிகோடு. பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண்ணான மேஜர் ஏறும். புது வசதிக்கு நடுவில் இருக்கும் மைனர், சின்னத் திருத்தத்துக்குக் கடைசியில் இருக்கும் பேட்ச்.

ஒரு ப்ராஜெக்டில் இந்த எண் மூன்று நான்கு ஃபைல்களில் இருக்கும். ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்தால் வம்பு. அதற்காகவே பைதான் உலகில் பம்ப்2வெர்ஷன் என்ற டூல் வந்தது. இப்போது அதன் இடத்தில் பம்ப்-மை-வெர்ஷன். ஒரே கட்டளை போதும்: எல்லா ஃபைலிலும் எண் மாறும், செட்டிங்கில் சொல்லியிருந்தால் கிட்டில் கமிட், டேக் இரண்டும் விழும்.

இவ்வளவும் ஒரே என்டரில் நடக்கும் என்றால், முதல் தடவை கை நடுங்கத்தானே செய்யும்? அதற்குத்தான் ‘டிரை ரன்’ என்கிற ஒத்திகை. எதையும் தொடாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லணும்.

சிக்கல் இங்கேதான். பம்ப்2வெர்ஷனில் டிரை ரன் மட்டும் கொடுத்தால் திரையில் ஒன்றுமே வராது. கூடவே ‘வெர்போஸ்’ சேர்க்கணும். சேர்ப்பது நல்லது என்று கையேடு சொல்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டா எல்லோரும் வருகிறார்கள்? வெற்றுத் திரையைப் பார்ப்பவருக்கு, வேலை முடிந்ததா, எரரா என்றே தெரியாது. வெர்போஸ் சேர்த்தால் நேர் எதிர்: எண்ணைப் பிரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், பிரித்த மதிப்புகள், செட்டிங் விவரம் எல்லாம் கொட்டும். புது எண் அதற்குள் எங்கேயோ இருக்கும்.

தப்பான எண் லோக்கல் கமிட்டில் இருக்கும்வரை பரவாயில்லை, திருத்தலாம். பல டீம்களில் டேக் புஷ் ஆனதுமே வெளியீடு தானாகப் போய்விடும். பைபிஐ, என்பிஎம் இரண்டிலும் ஒருமுறை வெளியிட்ட எண்ணை அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. 1.10.0-க்குப் பதில் 2.0.0 போய்விட்டால், ‘பழையது உடையும்’ என்று பயனர்களிடம் பொய் சொன்ன மாதிரிதான்.

பம்ப்-மை-வெர்ஷனின் ‘ஷோ-பம்ப்’ கட்டளை இதில் பாதியைத் தீர்க்கிறது. 1.9.0-இலிருந்து மேஜர் என்றால் 2.0.0, மைனர் என்றால் 1.10.0, பேட்ச் என்றால் 1.9.1 என மரக்கிளை மாதிரி வரைந்து காட்டும். ரஸ்ட் மொழியின் கார்கோ-ரிலீஸ் இன்னும் ஜாக்கிரதை: சும்மா ஓட்டினாலே ஒத்திகைதான், நிஜமாக நடக்க ‘எக்ஸிக்யூட்’ சேர்க்கணும்.

மீதிப் பாதிக்குப் பெரிய வித்தை வேண்டாம், நாலு வரி போதும்:

இது ஒத்திகை, எதுவும் மாறவில்லை.
1.9.0 → 1.10.0
மாறப்போகும் ஃபைல்கள்: 3
கமிட் உண்டு, டேக் உண்டு, புஷ் இல்லை.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எல்லாம் கேட்டால் காட்டினால் போதும். ஒத்திகை என்ற அந்த முதல் வரியை நிறத்தால் மட்டும் உணர்த்தக் கூடாது. லாக் ஃபைலில் நிறம் தெரியாது.

டூல் மாறும்வரை ஒரு வழி இருக்கிறது. டிரை ரன் முடிந்ததும் ‘கிட் ஸ்டேட்டஸ்’, ‘கிட் லாக்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். புது மாற்றமோ புது கமிட்டோ இல்லையென்றால், நடந்தது ஒத்திகைதான்.